சோதனைக் கேள்வி

அத்தியாயம் 17

"உனக்குக் கோபமே வராதாடி?" என்று அம்மா கேட்டதோடு போன வாரம் விட்டிருந்தோம். பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கோபம் மட்டுமா வரவில்லை? அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் அழுகை வரவில்லை. தம்பி வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம். எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, இருக்கிறானா இல்லையா என்ற கவலையும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி எப்போதாவது தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் தெரியாது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று எழுந்துவிடுவாள்.

அவள் பார்க்கும் வேலையும் அப்படிப்பட்டதுதான்.

ஊர் உலகத்துக்கெல்லாம் பார்சல் கொண்டுபோகும் பெரிய கம்பெனி. அதில் யாருக்குச் சந்தேகமான மின்னஞ்சல் வந்தாலும் திறக்காமல் பெரியவளுக்குத் தள்ளிவிட வேண்டும். அவள் படித்துப் பார்த்து, நிஜம் என்றால் பச்சை, போலி என்றால் சிவப்பு பட்டனை அழுத்துவாள். ஒரு நாளைக்கு இருநூறு வரும். உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, உங்கள் பாஸ்வேர்டு இன்றோடு முடிகிறது, நான் உங்கள் மேலதிகாரி, மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிடாதே, சொன்னதைச் செய். இது போக, சாகக் கிடக்கும் சீமாட்டிகள். சொத்தையெல்லாம் முன்பின் தெரியாத உங்களுக்குத்தான் எழுதி வைக்கப் போகிறார்களாம். பத்து வருஷமாகப் படிக்கிறாள், அந்தச் சீமாட்டிகளில் ஒருத்திகூடச் செத்தபாடில்லை.

ஆபீசில் அவளுக்கு 'சல்லடை' என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

போலியைக் கண்டுபிடிக்க ஏழு அடையாளம் என்று அவளே எழுதிய தாள் ஒன்று காபி மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும். அதே தாள் வீட்டு பிரிட்ஜ் கதவிலும் உண்டு. ஒரு தடவை அம்மா, பிரிட்ஜ் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த லிங்க்கை அழுத்தப் போய், கடைசி நொடியில் பிடிபட்டாள். "பிரிட்ஜ்தான் இருக்கேம்மா, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டதற்கு, "சும்மா வர்றதை எதுக்குடி வேண்டாங்கணும்?" என்றாள். அன்றைக்கு ஒட்டிய தாள்.

ஏழிலும் சந்தேகம் தீராவிட்டால் பெரியவள் சோதனைக் கேள்வி ஒன்று அனுப்புவாள். வெளியாளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது, வீட்டாளுக்கு மறந்திருக்கக் கூடாது. ஒரே கேள்வி, ஒரே பதில். தப்பு என்றால் சிவப்பு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வளர்க்கக் கூடாது. ஏமாற்றுகிறவனுக்குப் பேச்சு வளர்வதுதான் பிழைப்பு.

சனிக்கிழமை, அரை நாள் வேலை. காலை ஒன்பது பத்துக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. யாரும் தள்ளிவிட்டது இல்லை. நேராக அவள் பெயருக்கே வந்திருந்தது.

*அக்கா, நான் சுண்டு. என் பை தொலைஞ்சு போச்சு. போன், பேப்பர் எல்லாம் அதுலதான். இது என் மெயில் இல்ல, இங்க ஒருத்தரோடது. என் பிறப்புச் சான்றிதழைப் போட்டோ எடுத்து இதுக்கு அனுப்பு. உங்க நேரத்துக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேணும். அதுக்கு மேல இந்த நாட்டுப் போலீஸ் பேப்பர் இல்லாதவங்களை வேற இடத்துக்கு ஏத்திருவாங்க. அங்க போனா மெயிலும் கிடையாது, போனும் கிடையாது. அம்மாகிட்ட சொல்லாதே.*

பெரியவள் அதை மற்ற மின்னஞ்சல்களைப் படிக்கிற மாதிரியே படித்தாள். தெரியாத முகவரி. பை தொலைந்தது. போன் இல்லை, அதனால் பேசிப் பார்க்க முடியாது. அவசரம், மணிக்கணக்கோடு. யாரிடமும் சொல்லாதே. கேட்பதோ சான்றிதழ். அது ஒன்று கையில் கிடைத்தால் போதும், அவன் பெயரில் சிம் கார்டு முதல் சகலமும் வாங்கிவிடலாம். ஏழில் ஆறு பொருந்தியது. இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதை வகுப்பெடுக்கும்போதுதான் காட்டுவாள்.

பக்கத்து நாற்காலியில் கண்ணாடிக்காரர். ரிடையராக இரண்டு வருஷம் இருக்கிறது. தும்மினால்கூடச் சத்தம் வராமல் தும்முகிற மனிதர். எட்டிப் பார்த்தார்.

"சுண்டுன்னு எழுதியிருக்கானே மேடம். அது வீட்டுல கூப்பிடற பேராச்சே?"

"ஆறடி உயரம் இருக்கறவனை சுண்டுன்னு கூப்பிட்டா ஊருக்கே தெரியும் சார். பழைய போட்டோ எல்லாத்துலயும் அவன் ஃப்ரெண்ட்ஸ் அந்தப் பேரைத்தான் எழுதி வச்சிருக்காங்க. இணையத்துல தேடினா கிடைக்கும்."

"இருந்தாலும்..."

"கேள்வி அனுப்பறேன் சார்."

என்ன கேள்வி என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் யாராலும் மறக்க முடியாதது ஒன்றுதான் உண்டு.

பத்து வருஷத்துக்கு முந்திய கதை. அப்பா தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. ஒரு மத்தியானம் யாரோ இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போய்விட, கடை பற்றிக்கொண்டது. தைத்து வைத்த துணி, தைக்க வந்த துணி, இரண்டு மிஷின் எல்லாம் போயிற்று. அணைக்கப் போன அப்பாவின் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பதினாறு வயது சுண்டு புகைக்கு நடுவில் நின்று, "நான்தான்ப்பா அணைக்க மறந்துட்டேன்" என்றான். ஆறு வருஷம் அப்பா அவனிடம் சரியாகப் பேசவில்லை. ஆறாவது வருஷ முடிவில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். வெளியே போடா என்பதுதான் அது.

பெரியவள் தட்டச்சு செய்தாள். *கடையில் இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போனது யார்?*

பதில் வரப் பத்து நாற்பது ஆயிற்று. அதற்குள் முப்பத்தொரு மின்னஞ்சலைச் சிவப்பாக்கியிருந்தாள்.

*அம்மா.*

அவ்வளவுதான். ஒரே வார்த்தை.

"தப்பு" என்றாள் பெரியவள்.

"இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"வீட்டுல இஸ்திரி போடறது யாருன்னு கேட்டா யாரும் அம்மான்னுதான் சார் ஊகிப்பான். ஊகிச்சுட்டான். அவன் ஊகிக்க நாம இன்னொரு சான்ஸ் கொடுக்கணுமா?"

சிவப்பை அழுத்தினாள். அழுத்தினால் மூன்று காரியம் நடக்கும். அந்த முகவரி கம்பெனியின் தடைப் பட்டியலில் ஏறும், வந்த கடிதம் அழியும், இனி வருவது வாசலோடு திரும்பும். இதற்கென்று ஒரு சின்ன 'டிங்' சத்தம் உண்டு. அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தம்பி பெயரைப் பார்த்தபோதும் தோன்றவில்லை என்பதை மட்டும் ஒரு தகவலாகக் கவனித்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு குழந்தை அவள் முழங்காலில் ஈரக் கையால் தட்டித் தட்டி விளையாடியது. தாய் மன்னிப்புக் கேட்கும் வரை பெரியவளுக்கு அது தெரியவே இல்லை.

வீட்டில் அம்மா கட்டிலில் துவைத்த துணியைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா எல்லாவற்றையும் கையாலேயே நீவி மடிப்பாள். அந்த வீட்டில் பத்து வருஷமாக இஸ்திரிப்பெட்டியே கிடையாது.

பெரியவள் குளித்தாள். சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தபோது மணி மூன்றே முக்கால். பேச ஒரு விஷயம் வேண்டுமே என்று சொன்னாள்.

"இன்னிக்கு உன் பிள்ளை பேர்ல ஒருத்தன் வந்தாம்மா."

அம்மாவின் கை நிற்கவில்லை. "யாரு?"

"எவனோ. பை தொலைஞ்சு போச்சு, அஞ்சு மணிக்குள்ள பிறப்புச் சான்றிதழ் அனுப்புன்னான். அம்மாகிட்ட சொல்லாதேன்னான். பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன் பாரு, அஞ்சாவது. அப்படியே அச்சு மாதிரி."

"நீ என்ன பண்ணினே?"

"சோதனைக் கேள்வி அனுப்பினேன். அவன் தப்பாச் சொன்னான். பிளாக் பண்ணிட்டேன்."

"என்ன கேள்வி கேட்டே?"

"இஸ்திரிப்பெட்டியை அணைக்காமப் போனது யாருன்னு."

அம்மா கையில் இருந்தது ஒரு துண்டு. அதை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க வராத துண்டை மடிமேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"'அம்மா'ன்னு."

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே இறுக்க வேண்டும் என்று நினைத்தது பெரியவளுக்கு நினைவு வந்தது.

"அது சரியான பதில்டி" என்றாள் அம்மா.

"என்னது?"

"நான்தான். அன்னிக்கு உனக்கு இன்டர்வியூ. அந்த நீலச் சட்டையைத் தேய்க்கக் கீழே போனேன். அப்பா சாப்பிட மேலே வந்திருந்தாரு. தேய்ச்சு முடிச்சேன். போன் அடிச்சுது, சட்டையைத் தூக்கிக்கிட்டு மேலே ஓடி வந்தேன். நீதான் கூப்பிட்டே. நேரமாச்சு, சட்டை ரெடியான்னு. நீ வந்து மாட்டிக்கிட்டுக் கிளம்பின பிறகுதான் கீழே புகை வந்துது."

அம்மாவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடை விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"சுண்டு எனக்கு முன்னாடி கீழே போயிட்டான். பெட்டி பக்கத்துல உன் சட்டையோட ஹேங்கரைப் பார்த்திருக்கான். அவனுக்குப் புரிஞ்சு போச்சு. அப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள நான்தான்னுட்டான். நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். மறுநாள் அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு. வீட்டுக்கு வரட்டும்னு பார்த்தேன். வந்தாரு. அப்புறம் சொல்ல முடியலை. அப்புறம் அவரே போயிட்டாரு."

அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போன இன்டர்வியூவில் கிடைத்ததுதான் இந்த வேலை. பெரியவள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்குச் சரியாக வந்தது. ஆனாலும் நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. உள்ளங்கால் மட்டும் சில்லென்றிருந்தது.

"அப்ப அது சுண்டுதான்" என்றாள்.

"அஞ்சு மணின்னு சொன்னியா?"

"ஆமா."

மணி நாலு பத்து.

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். பெரியவள் போனை எடுத்தாள். கடிதம் அழிந்துவிட்டது. அழித்தது அழித்ததுதான், திரும்ப வராது, அதுதான் பாதுகாப்பு என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு. மிச்சம் இருப்பது தடைப் பட்டியலில் அந்த முகவரி ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்கால ஷிப்டில் யார்? காலையில் இருந்த கண்ணாடிக்காரரேதான், சனிக்கிழமை அவருக்கு இரண்டு ஷிப்டும். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"சார், காலையில நான் சிவப்பாக்கினது. பட்டியல்ல தேடி அட்ரஸை ஒவ்வொரு எழுத்தாப் படிங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. தேடும் சத்தம் கேட்டது. நிதானமான மனிதர். அவர் நிதானம் இதுவரை யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை. இன்றைக்குப் பெரியவள் நகத்தைக் கடித்தாள்.

"கிடைச்சுது மேடம். எழுதிக்குங்க." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இரண்டு தடவை சரிபார்த்தார். அப்புறம் சொன்னார். "மேடம், இந்த அட்ரஸ்லேருந்து அதுக்கப்புறம் ஆறு தடவை முட்டியிருக்கு. சிஸ்டம் உள்ளே விடலை. கடைசியா வந்தது ரெண்டரைக்கு."

"ஆறு தடவையா?"

"ஆறு. என்ன எழுதியிருந்துதுன்னு தெரியாது. அதான் வாசல்லயே திருப்பிடுமே."

ஆபீஸ் மின்னஞ்சலிலிருந்து அந்த முகவரிக்கு இனி ஒன்றும் போகாது. பட்டியலிலிருந்து எடுக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அவர் திங்கட்கிழமைதான் வருவார். விதியை எழுதியது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சான்றிதழ் பழைய தகரப் பெட்டிக்குள், தையல் அளவு நோட்டுக்கு அடியில் இருந்தது. ஓரம் கருகிய நோட்டு. அம்மா சான்றிதழைக் கட்டில்மேல் விரித்து நாலு மூலையையும் விரலால் பிடித்துக்கொண்டாள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து மங்கியிருந்தது. படம் நிழல் விழுந்து வந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி எடுத்தாள். ஆடிவிட்டது. மூன்றாவது தடவை தெளிவாக வந்தது.

தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினாள். *சுண்டு, நான் அக்கா. காலையில் தப்புப் பண்ணிவிட்டேன். நேரம் இல்லை. இணைத்திருப்பதை உடனே திற.* அனுப்பினாள். மணி நாலு முப்பத்தெட்டு.

போனைக் கட்டில்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் அதற்கு எதிரே உட்கார்ந்தார்கள். துணி பாதி மடித்தும் பாதி மடிக்காமலும் கிடந்தது.

"திறந்திருப்பானா?"

"தெரியலை."

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் அனுப்பியதை எதிர்ப் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தாள். அவளுடைய சொந்த முகவரியில் பெயர் கிடையாது, எட்டு எண்கள்தான். முகவரியில் பெயரை வைக்காதே என்பதும் அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். தெரியாத முகவரி. நேரம் இல்லை என்ற அவசரம். இணைத்திருப்பதை உடனே திற. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உன்னை விரட்டினேன், இப்போது நம்பு என்ற குழைவு வேறு. பிரிட்ஜில் ஒட்டிய தாளைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவளே சல்லடையாக உட்கார்ந்திருந்தால் இதை ஒரு நொடியில் சிவப்பாக்கியிருப்பாள்.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் போன் சிணுங்கியது.

அம்மாதான் முதலில் எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"'நீங்க யாருன்னு எனக்குத் தெரியலை. பையைத் திருப்பித் தாங்கன்னு என் போனுக்கு எழுதினேன், தூக்கினவங்க காலையிலேருந்து எனக்கு என்னென்னமோ அனுப்பறாங்க. எங்க அக்கா காலையிலேயே என்னைத் தள்ளிட்டா. நீங்க அக்காதான்னா ஒண்ணு சொல்லுங்க. அப்பா என்னை வெளியே போன்னு சொன்னப்ப நீங்க எங்கே நின்னீங்க?'"

நீங்க. சுண்டு அவளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மாவுக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இது சுலபம்தானேடி. நீதான் அன்னிக்கு ஆபீஸ்ல இருந்தியே. ஆபீஸ்னு எழுது. சீக்கிரம்."

பெரியவள் போனை வாங்கினாள்.

அன்றைக்கு ஆபீசில் இருந்தேன் என்றுதான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்னாள். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றுகூட ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கே கிட்டத்தட்ட நிஜமாகிவிட்டிருந்தது.

"எழுதேண்டி. மணி அம்பத்து மூணு."

கட்டை விரல் எழுத்துகளின் மேல் நின்றது. அம்மா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைத்துக்கொண்டு எழுதலாம். எழுதிவிட்டு அழிக்கலாம். அழிப்பதில் அவளைவிடத் தேர்ந்தவர் யார்?

பெரியவள் போனை மறைக்காமல் எழுதினாள்.

*ரூம் கதவுக்குப் பின்னாடி. தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு.*

அனுப்பினாள். அம்மா அதை ஒரு தடவை படித்தாள். உதடு அசைய இன்னொரு தடவை படித்தாள்.

"வீட்லதான் இருந்தியா?"

"தலைவலின்னு சீக்கிரம் வந்துட்டேன். நீ கடைக்குப் போயிருந்தே."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அம்மா திட்டவில்லை. திட்டுகிற இடத்தில் தான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டிலின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சான்றிதழ் கிடந்தது. நாலு ஐம்பத்தாறு ஆயிற்று. நாலு ஐம்பத்தேழு ஆயிற்று. போன் பேசாமல் இருந்தது.

பெரியவள் கன்னத்தைத் தொட்டாள். கிள்ளிப் பார்க்க அல்ல, ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. விரலைப் பார்த்தாள்.

"போகும்போது வாசல்ல நின்னு என்னை ஒரு தடவை கூப்பிட்டாம்மா" என்றாள். "அக்கான்னு. அதுவும் கேட்டுச்சு."